விடைத்தாளைப் பார்க்கலாமா?



சென்ற இரண்டு இதழ்களில் குடும்ப அட்டையைப் பற்றியும் சாதிச் சான்றிதழைப் பற்றியும் எழுதினேன். இம்மாதம் நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சில அன்பர்கள் நகைக்கக்கூடும். கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு கோப்பு எப்படி மேசைக்கு மேசை நகர்கிறது, எந்த இடத்தில் படுத்து உறங்குகிறது, எதைக் கண்டால் விழித்துக்கொள்கிறது என்பதை நன்கு அறிவேன். இன்று நான் எழுதப்போவதும் ஒரு கோப்பின் கதையே.

காரியம் எங்கள் குடும்பத்திலேயே தொடங்கியது. என் தமக்கையின் வீடும் எங்கள் வீடும் ஸ்ரீவராகத்தில் ஒரே தெருவில் இருக்கின்றன. அத்தான் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். அவருடைய மூத்த மகள் பகலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இரவில் குளக்கரைக் காற்றும் வராத ஓர் அறையில் உட்கார்ந்து படிக்கிறாள். எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாக பி.காம். எழுதினாள். அது எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கு சொல்லப்போவதில்லை. அதைக் குறை கூறுவது என் நோக்கமும் அன்று. மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். கணக்கியல் தாள் ஒன்றில் மட்டும் 31 மதிப்பெண் வந்தது. தேறுவதற்கு 40 வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு முழுவதும் அந்த ஒரு தாளின் வாசலில் வந்து நின்றுவிட்டது. பட்டம் கையில் இல்லாமல் அவள் எண்ணியிருந்த வங்கி வேலைக்கு விண்ணப்பமும் போட இயலாது.

"மாமா, ஐம்பதுக்குக் குறையாது என்று நினைத்தேன். என் தாளை ஒருமுறை பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

அத்தான் குறுக்கிட்டார். "எழுதிக் கொடுத்த தாளை எவன் திருப்பிக் காட்டுவான்? போன தாள் போனதுதான். அடுத்த தடவை ஒழுங்காக எழுது," என்றார்.

அத்தானைக் குறை சொல்வதற்கில்லை. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றிய நாள்தொட்டு, ஏறத்தாழ 150 ஆண்டுகள் நம் நாட்டில் நிலைபெற்றிருந்த வழக்கம் அதுவே. மாணவன் எழுதுவான், தாள் கட்டாகக் கட்டப்பட்டு எங்கோ செல்லும், மதிப்பெண் மட்டும் திரும்பி வரும். இடையில் நடந்தது யாதென அவன் கேட்கலாகாது. மகாராஷ்டிரத்தில் தேர்வெழுதிய சில மாணவர்கள் தங்கள் தாளைப் பார்க்கவேண்டும் என்று வழக்குத் தொடுத்தனர். தாளைப் பார்வையிடவோ மறுமதிப்பீடு கோரவோ உரிமை இல்லை என்ற தேர்வு வாரியத்தின் விதி செல்லும் என்று 1984இல் உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. லட்சக்கணக்கான தாள்களை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் காட்டத் தொடங்கினால் தேர்வு முடிவுக்கு ஒரு முடிவே இராது என்பது அன்றைய கருத்து.

அந்நிலையை மாற்றியது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அது டில்லியில் யாரோ சில மேதாவிகள் எழுதிவைத்த சட்டம் அன்று. ராஜஸ்தானத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து வேலை செய்த கூலிக்காரர்கள், தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலிப் பட்டியலைக் காட்டு என்று கேட்டதிலிருந்து பிறந்தது. 1996இல் பியாவர் நகரில் அவர்கள் 40 நாள் தர்ணா இருந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவர்களுள் தலையாயவர், ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்து கிராமத்தில் குடியேறிய அருணா ராய். அவ்வம்மையார் சென்னையில் பிறந்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார். இவ்வகையில் ஒரு சட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக இயற்றிய மாநிலமும் தமிழ்நாடே, ஆண்டு 1997. ஆனால் அதில் விலக்குகள் மிகுதி. வாசலைத் திறந்து சங்கிலியை மாட்டிவைத்ததுபோல் இருந்தது என்பதையும் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

கூலிப் பட்டியலைக் கேட்ட கூலிக்காரனுக்கும், தன் விடைத்தாளைக் கேட்ட மாணவனுக்கும் என்ன உறவு என்பதைக் கல்கத்தாவில் ஓர் இளைஞர் காட்டினார். பிரசிடென்சி கல்லூரியின் கணித மாணவரான பிரீதம் ரூஜ் என்பவர் அவர். கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு தாளில் எதிர்பாராத குறைந்த மதிப்பெண் வந்தது. தம்முடைய விடைத்தாளைப் பார்க்கவேண்டும் என்று இச்சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தார். பல்கலைக்கழகம் மறுத்தது. அவர் உயர்நீதிமன்றம் சென்றார். 2008 மார்ச்சில் தனி நீதிபதி மாணவர் பக்கம் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. 2009 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது. அதே வேளையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வெழுதிய ஆதித்ய பந்தோபாத்யாய என்ற பள்ளி மாணவரின் வழக்கும் உடன்சேர்ந்து உச்சநீதிமன்றம் சென்றது. இதில் நான் வியந்தது யாதெனில், ஒரு பக்கம் ஒன்றிரண்டு பிள்ளைகள். மறுபக்கம் மத்திய வாரியம், கல்கத்தா பல்கலைக்கழகம், மேற்கு வங்கத் தேர்வு வாரியங்கள், பட்டயக் கணக்கர் கழகம் என்று ஒரு பெரும் படையே வரிசையாக நின்றது.

2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுதியது நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். தேர்வு நடத்துவோரின் முதன்மையான வாதம், விடைத்தாள் தங்களிடம் நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாருடைய நம்பிக்கை? எழுதியவனுடையதாயின் அவனுக்கே அதை மறைப்பது எப்படி நம்பிக்கையாகும்? திருத்தியவருடையதாயின், அவர் கூலி பெற்றுத் திருத்திக் கொடுத்ததோடு அத்தாளின்மேல் அவருக்கு உரிமை ஒன்றும் இல்லை. ஆதலின் திருத்தப்பட்ட விடைத்தாள் சட்டத்தின்படி ஒரு தகவலே. எழுதியவர் அதைப் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

நிற்க. இத்தீர்ப்பைப் பாதி மட்டும் கேள்விப்பட்டு ஏமாறுவோர் பலர். இச்சட்டத்தைக் காட்டி மறுமதிப்பீடு கேட்க இயலாது. தாளைப் பார்க்கத்தான் இயலும். திருத்தியவர் பெயரும் கையொப்பமும் மறைக்கப்படும். அது அவருடைய பாதுகாப்பை முன்னிட்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, தாளை விதிப்படி எத்தனை நாள் வைத்திருக்கவேண்டுமோ அத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள். அவ்வழக்கில் மத்திய வாரியத்தின் விதி மூன்று மாதம் என்றிருந்தது. அதன்பின் கேட்டால் தாள் காகித ஆலையில் கூழாகிக் கிடக்கும். முடிவு வந்த வாரமே எழுத வேண்டும். அழுது முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருக்கலாகாது.

இனி நம் கேரளத்துக்கு வருவோம். இங்கே இவ்விஷயம் கல்கத்தாவைவிடப் பின்தங்கியதன்று. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்னரே, 2010 ஆகஸ்டில், அஞ்சல் துறைத் தேர்வு ஒன்றைப் பற்றிய வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் விடைத்தாளைக் காட்டவேண்டும் என்று கூறிவிட்டது. பிறகு, நம் நகரில் பட்டத்தில் இருக்கும் கேரளப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2016 பிப்ரவரி 4ஆம் நாள், தாளின் நகலும் மதிப்பெண் விவரமும் தரவேண்டும், திருத்தியவர் பெயரை மட்டும் தரவேண்டியதில்லை என்று முடிவாயிற்று. பாளையத்தில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கேரளப் பல்கலைக்கழகமும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1957இல் இப்பெயர் பெற்ற அதன் முதல் துணைவேந்தர் சர் சி.பி. ராமசாமி ஐயர். அவர் காலத்தில் ஒரு மாணவன் சென்று என் தாளைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு விஷயத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் தாளின் நகல் கேட்பதற்குத் தனித் திட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் கடைசித் தேதியும் உண்டு. மருமகள் முடிவை அறிந்தபோதே அத்தேதி கடந்திருந்தது. ஆதலின் தகவல் சட்டத்தின் வழியே செல்வது என்று தீர்மானித்தோம். இரண்டு வழிகளும் தனித்தனி என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். இதைத் தெளிவாக்கியவர்களும் மாணவர்களே. டில்லியில் சட்டம் பயின்ற சில இளைஞர்கள் தேர்வு வாரியங்கள் வாங்கும் மிகைக் கட்டணத்தை எதிர்த்து வழக்காடினார்கள். கம்பெனிச் செயலர்கள் கழகம் ஒரு பாடத்தின் தாளுக்கு 500 ரூபாய் கேட்டது. கழகம் தன் விதிப்படி அத்தொகையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் தகவல் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் அச்சட்டத்தின் கட்டணத்தையே வாங்கவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் விதிப்படி அது பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

விண்ணப்பத்தை அவள்தான் எழுதினாள். முதல் நகலைப் பார்த்து நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். "நான் நன்றாக எழுதியிருந்தும் ஏன் குறைந்த மதிப்பெண் அளித்தீர்கள்? இது நியாயமா?" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் உருக்கமாக எழுதியிருந்தாள். இங்கேதான் குமாஸ்தாவின் அனுபவம் உதவுகிறது. எங்கள் அலுவலகத்துக்கும் இத்தகைய விண்ணப்பங்கள் வருவதுண்டு. ஏன், எப்படி, நியாயமா என்ற கேள்விக்குப் பதில் எந்தக் கோப்பிலும் இராது. கோப்பில் இல்லாததை அலுவலர் கொடுக்க வேண்டியதில்லை. காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கோவா வழக்கொன்றில் 2008இலேயே கூறியிருக்கிறது. ஆனால், "இன்ன பதிவெண், இன்ன தாள், இன்ன தேதியில் எழுதிய விடைத்தாளின் எல்லாப் பக்கங்களின் நகல்" என்று கேட்டால், அவ்விண்ணப்பம் நேராகப் பதிவறைக்குச் சென்று ஒரு கட்டைச் சுட்டிக் காட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று எழுத எந்தக் குமாஸ்தாவுக்கும் மனம் துணியாது. ஒன்றரைப் பக்கம் நான்கு வரியாயிற்று. அவளுக்கு அதில் வருத்தந்தான்; மனத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டதே என்றாள்.

எதற்காகக் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது. சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்வட்டாரத்து ஆட்சிமொழியிலோ எழுதலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமானால் தமிழிலேயே எழுதலாம். இங்குள்ள நிறுவனங்களுக்கு மலையாளமோ ஆங்கிலமோ நல்லது. நம் வீடுகளில் மூத்தவர்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் வடிக்க உதவுவது அலுவலரின் கடமை என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. கேரள அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அரசு நிறுவனங்களுக்குப் போஸ்டல் ஆர்டர். மற்ற மாநிலங்களுக்கு அவ்வம்மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

30 நாளுக்குள் பதில் வரவேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு 27ஆம் நாள் வந்தது: நகல் கோரும் காலம் முடிந்துவிட்டபடியால் விண்ணப்பம் ஏற்பதற்கில்லை என்று. அத்தான், "நான் அன்றே சொன்னேன்," என்றார். அப்படிச் சொல்வதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை; மகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அன்றிரவே முதல் மேல்முறையீட்டை எழுதினோம். மறுப்பு வந்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேலதிகாரிக்கு அதை அனுப்பவேண்டும். அவர் 30 நாளுக்குள், காரணம் எழுதிவைத்தால் 45 நாளுக்குள், முடிவு சொல்லவேண்டும். அதிலும் பயனில்லையானால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குச் செல்லலாம். ஆணையம், தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். கோப்பு எதைக் கண்டால் விழிக்கும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அன்றோ? அது நிறுவனத்தின் பணம் அன்று. அலுவலரின் சொந்தச் சம்பளம். எங்கள் மேல்முறையீட்டில் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெயரையும் தேதியையும் ஒரே வரியில் குறித்து, நகல் கேட்பது தகவல் சட்டத்தின்படியே அன்றி உங்கள் தனித் திட்டத்தின்படி அன்று என்று சேர்த்தோம். வேறொன்றும் எழுதவில்லை.

இந்த இடத்தில் மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிமன்றம் ஓர் எச்சரிக்கையும் விடுத்திருக்கிறது: அரசு ஊழியரில் முக்கால்வாசிப் பேர் தங்கள் நேரத்தில் முக்கால்வாசியைத் தகவல் திரட்டுவதிலேயே கழிக்கும் நிலை நாட்டுக்கு வேண்டாம் என்னும் பொருளில். அதைப் படித்தபோது நான் மனமாரத் தலையசைத்தேன். பத்தாண்டுக்கான எல்லாக் கோப்புகளின் எல்லா நகல்களையும் தருக என்று ஒரு விண்ணப்பம் வந்தால், அன்றைக்கு அந்த மேசையில் ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் ஒரு விதவையின் கோப்பு நகராது. எனினும் என் அனுபவத்தில் அத்தகைய விண்ணப்பங்கள் குறைவு. அவற்றைக் காரணம் காட்டி நேர்மையான நான்கு வரி விண்ணப்பத்தைக் கிடப்பில் போடுவோரே மிகுதி. 4ஆம் பிரிவு, நிறுவனங்கள் யாரும் கேளாமலேயே தங்கள் வரவு செலவு, விதிகள், அதிகாரிகளின் பொறுப்பு முதலிய 17 வகை விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. அதைச் செம்மையாகச் செய்தால் பாதி விண்ணப்பங்கள் வரவே வரா.

விடைத்தாள் மட்டுமே பல்கலைக்கழகம் அன்று. சிண்டிகேட் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கல்லூரிக்கு இணைப்பு வழங்குமுன் வந்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, உதவித்தொகை அரசிடமிருந்து வந்த தேதி எது, மாணவர் கணக்குக்குச் சென்ற தேதி எது, இவையெல்லாம் தாளில் உள்ள விஷயங்கள், கேட்டால் தரவேண்டியவை. கடைசியாகச் சொன்னது நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது. இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பணம் எங்கே தங்கியது என்பதை யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. கேரளப் பல்கலைக்கழகத்திலேயே 2019 நவம்பரில், சில தேர்வுகளுக்கு அனுமதிக்கப்பட்ட மாடரேஷன் மதிப்பெண்ணைவிட மிகையாகக் கணினியில் பதிவாகியிருந்தது வெளியாயிற்று. பதிவேடு ஒன்று, கணினி ஒன்று என்று இருவேறு கணக்கு இருக்கும் இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண் வேண்டும். மாணவனைவிட அக்கறையுள்ள கண் யாருக்கு இருக்கும்?

தனியார் கல்லூரி என்றால் என் செய்வது என்று ஓர் அன்பர் சங்கக் கூட்டத்தில் கேட்டார். அரசு கணிசமாகப் பணம் கொடுத்து நடத்தும் கல்லூரி, தனியார் அறக்கட்டளையினுடையதாயினும் இச்சட்டத்துக்கு உட்பட்டது என்று டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 2019 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. அரசுப் பணம் தொடாத சுயநிதிக் கல்லூரியை நேரே கேட்க இயலாது. ஆனால் அக்கல்லூரி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பத்திரங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும். முன்வாசல் மூடியிருந்தால் பின்வாசலில் போகச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். சட்டத்தின் சொற்பொருள் பிரிவே, தனியார் நிறுவனத்தைப் பற்றி ஒரு பொது அதிகார அமைப்பு பெறக்கூடிய தகவலையும் தகவல் என்றே சொல்கிறது.

பெயரும் முகவரியும் கொடுத்தால் பிள்ளையின் உள்மதிப்பெண்ணில் கைவைத்து விடுவார்களோ என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அச்சம் வீண் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2013இல் கூறியிருப்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் தன் தாளைக் கேட்பவன் தன் பெயரை மறைக்க வழியில்லை. பொது விஷயங்களைப் படித்து முடித்து வெளியேறிய மூத்த மாணவர்கள் கேட்பது நல்லது என்பது என் கருத்து.

வாசல் எப்போதும் ஒரே அளவு திறந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2018 பிப்ரவரியில், மத்தியப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் மதிப்பெண் விவரங்களைக் கேட்டவர்களுக்கு உச்சநீதிமன்றம் இசையவில்லை. தேர்வின் நம்பகமும் இரகசியமும் தகவல் உரிமையோடு வைத்துச் சீர்தூக்கத் தக்கவை என்றது. வேலைவாய்ப்புத் தேர்வு எழுதுவோர் இதை அறிந்திருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் சட்டத்தின் 8ஆம் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்தது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய சொந்த விவரங்களைப் பெறுவது இப்போது முன்னினும் கடினம். பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைக் கேட்க முடியாமற் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் நியமனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் தகுதியைக் கேட்டாலும் சொந்த விவரம் என்று கதவைச் சாத்திவிடுவார்களோ என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. அது நியாயமான ஐயம்.

மேல்முறையீடு அனுப்பி 38ஆம் நாள், ஜவுளிக்கடையிலிருந்து அவள் வருமுன்னரே ஸ்பீடு போஸ்ட் வந்துவிட்டது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 28 பக்கத்துக்கு 56 ரூபாய் முன்னரே கட்டியிருந்தோம். உறையை யாரும் பிரிக்கவில்லை. அவள் வந்து, கைகால் கழுவி, கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து பிரித்தாள். அத்தான் கணக்கர் அல்லவா? பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்து மதிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டே வந்தார். 17ஆம் பக்கத்தில் ஒரு விடைக்கு 6 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முதற்பக்கத்துப் பட்டியலில் அந்த 6 ஏறவில்லை. அத்தான் மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் 37 வந்தது.

37. தேறுவதற்கு 40.

கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே தாளைப் புரட்டி, ஐந்தொகைக் கணக்கில் தேய்மானத்தைக் கழிக்காமல் விட்ட இடத்தைக் காட்டினாள். "இது என் தப்புதான் மாமா. இதற்குக் கொடுத்ததே அதிகம்," என்றாள். விடுபட்ட 6 மதிப்பெண்ணைச் சேர்க்குமாறு எழுதினோம். சேர்த்துத் திருத்திய மதிப்பெண் பட்டியல் மூன்று வாரத்தில் வந்தது. பட்டம் வரவில்லை. அடுத்த தேர்வுக்கு அவள் பணம் கட்டியிருக்கிறாள்.

இத்தோடு நின்றிருந்தால் இம்மாதம் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்களைக் கேளாமல் அவள் இன்னொரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். அந்தத் தேர்வில் எத்தனை தாள்களில் இப்படிக் கூட்டல் பிழை கண்டு பிறகு திருத்தப்பட்டது என்பது கேள்வி. தொகுத்த விவரம் இல்லை என்று பதில் வந்தது. அது பொய்யான பதில் அன்று. இல்லாத கணக்கைப் புதிதாகத் தொகுத்துத் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. அப்படியானால் என்ன கேட்பது என்று என்னிடம் வந்தாள். மதிப்பெண் திருத்தப் பதிவேடு என்று ஒன்று இருந்தே தீரும். பதிவேடு இல்லாமல் ஒரு மதிப்பெண்ணும் மாறாது. எண்ணிக்கையைக் கேட்காதே, பெயர்களை மறைத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல் என்றேன். பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் சட்டத்தில் உள்ள உரிமைகளே. சென்ற வாரம் கடிதம் வந்தது: வருகிற 12ஆம் தேதி காலை 11 மணிக்கு நேரில் வந்து பார்வையிடலாம் என்று.

நான் ஒரு நாள் விடுப்புக்கு எழுதிவைத்தேன். அவளோ, "நீங்கள் வரவேண்டாம் மாமா, எண்ணத்தானே வேண்டும், நானே எண்ணிக்கொள்கிறேன்," என்கிறாள். அத்தான் அவளுக்குக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். என்னிடம் அவர்கள் கேட்பதெல்லாம் 11ஆம் தேதி இரவு வண்டியில் ஒரு கீழ்ப்படுக்கை.